தெற்கு ஜன்னலின் ரிலே

கரண்ட் போய் வெகுநேரம் ஆன பிறகு, பேனலுக்குள் ஒரு ரிலே டிக்கென்றது.

சின்னச் சத்தம்தான். வேறு யாராக இருந்தாலும் பல்லி என்று விட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். உமாதேவியால் அப்படி விட முடியாது, இந்தச் சத்தத்தில்தான் அவள் சோறு தின்கிறாள். ரிலே என்பது கரண்ட் வந்தால் இழுத்து, போனால் விடும் சின்ன சுவிட்ச். இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் இன்னது என்று சொல்லிவிடுவாள். இது இழுத்த சத்தம். இழுக்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் காயிலுக்கு, அந்தக் கம்பிச் சுருளுக்கு, கரண்ட் வேண்டும். கரண்ட்தான் மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டதே.

அவள் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாவின்மேல் உட்கார்ந்து மீதி வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பேனல் ரூம் என்பது பேர்தான். ஹாலின் வடக்கு மூலையில், சாக்கு அடுக்குவதற்காக ஒதுக்கிய சின்ன அறை. அதற்கு ஜன்னலும் கிடையாது. ஹாலைப் பார்த்த கதவு ஒன்றுதான், அதுவும் பாதி சாத்தியிருந்தது. சாக்குச் சணலின் நெடியும், அதற்கு மேலே இந்தக் கட்டடம் முழுக்க ஊறிக் கிடக்கும் ஏலக்காய் வாசனையும், முதலில் மூக்கில் ஏறி, பிறகு தொண்டையில் இறங்கி, கடைசியில் எச்சிலோடு எச்சிலாக இனிக்கும் அந்த வாசனையும் இருட்டில் அவளைச் சுற்றி நின்றன.

“ஏங்க” என்று கூப்பிட்டாள்.

“என்ன?” ஹாலின் மறு கோடியிலிருந்து பாண்டீஸ்வரனின் குரல் வந்தது.

“இப்ப எதையாச்சும் தட்டுனீங்களா?”

“ஏணி மேல நிக்கிறேன் புள்ள. எதத் தட்ட?”

சூடான தகடு ஆறும்போது சத்தம் போடும், அதுதான் என்று சொல்லிக்கொண்டாள். அந்தப் பேனல் சூடாகவே இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

புருஷனும் பெண்டாட்டியுமாகத் தேனி அல்லிநகரத்தில் மின்சாரப் பேனல் போர்டு செய்கிறவர்கள் அவர்கள். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சீனிச்சாமி முதலாளி தன் புது ஹாலுக்கு மோட்டார் திரை போட அவர்களைக் கூப்பிட்டிருந்தார். ஏலக்காயின் தரத்தைப் பச்சை நிறம்தான் சொல்லும். நேர் வெயில் பட்டால் பச்சை வெளுத்துவிடும், டியூப் லைட்டில் பார்த்தால் இல்லாத பச்சையும் இருப்பது போலத் தோன்றும். அதனால் ஜன்னலுக்கு ஜன்னல் மோட்டார் திரை. வெயில் ஏறினால் தானாக இறங்கும், மேகம் கூடினால் தானாக ஏறும். சவுதியிலிருந்து வருகிற ஆட்கள் ஹாலுக்குள் நின்று பார்த்தால் எந்த நேரத்திலும் காய் ஒரே பச்சையாகத் தெரிய வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

ஒவ்வொரு திரைக்கும் இரண்டு ரிலே. ஒன்று மோட்டாரை மேலே ஓட்டும், மற்றது கீழே ஓட்டும். மட்டமான ரிலே போட்டால் உள்ளே இருக்கும் காண்டாக்ட் என்ற உலோக முனைகள் தீப்பொறி பட்டுப் பட்டு உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு யார் சொன்னாலும் விடாது. எல்லா ஜன்னலும் ஒழுங்காக வேலை செய்தன. தெற்கு ஜன்னல் மட்டும் ஒத்துவரவில்லை. ரிலே மாற்றுவார்கள், சில நாள் ஓடும், பிறகு திரை கீழே இறங்கி நின்றுவிடும். வந்து பார்த்தால் காண்டாக்ட் ஒட்டிக் கிடக்கும். மறுபடி மாற்றுவார்கள். மறுபடியும் அதே கதை.

உமாதேவியை உறுத்தியது அதில் ஒரு விஷயம். துணியைத் தூக்கும்போதுதான் மோட்டாருக்குப் பாரம். இறங்கும்போது துணி தன் கனத்திலேயே இறங்கிவிடும். கெட வேண்டுமென்றால் மேலே தூக்கும் ரிலேதான் கெட வேண்டும். இங்கே ஒவ்வொரு முறையும் கெட்டது கீழே இறக்கும் ரிலே. ஏதோ ஒன்று அந்தத் திரையை இழுத்துப் பிடித்து மூடியே வைத்திருந்தது போல.

“நல்ல ரிலேயாப் போட்டாப் போச்சு” என்றான் பாண்டீஸ்வரன். நல்லது எது என்று கண்டுபிடிப்பது எப்போதும் உமாதேவியின் வேலை. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் விதவிதமாக வாங்கி வந்து, பட்டறை மேஜையில் நிஜ மோட்டாரையே மாட்டி, காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் இழுக்கவும் விடவும் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போடும் அளவுக்கு அந்த டிக்டிக். பல்பை மாட்டிச் சோதித்தால் எல்லா ரிலேயும் யோக்கியன்தான், மோட்டாரை மாட்டினால்தான் சாயம் வெளுக்கும் என்பாள். ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு உயிரை விட்டன. கடைசிவரை நின்றது ஒன்று. கண்ணாடி மாதிரி உடம்பு. இழுத்தால் வெளியே எட்டிப் பார்க்கும் ஆரஞ்சு நிறச் சின்ன நாக்கு. கரண்ட் இல்லாதபோது விரலால் அழுத்திச் சோதிக்கத் தலையில் ஒரு குட்டி நெம்புகோல். எத்தனை முறை இழுத்தாலும் சொன்னவுடன் விட்டது. அதையே பேனல் முழுக்கப் போட்டுவிட அன்று காலையில்தான் வந்திருந்தார்கள்.

போட்டார்கள். பட்டனைத் தொட்டதும் தெற்குத் திரை மெழுகில் வழுக்குவது போலச் சத்தமில்லாமல் மேலே ஏறியது. மார்கழி வெயில் தெற்கே சாய்ந்திருக்கும் காலம். ஹாலுக்குள் ஒரு பெரிய வெளிச்சக் கட்டம் விழுந்தது. உமாதேவி பெருமையோடு திரும்பிப் பார்த்தாள்.

வரிசையாக உட்கார்ந்து முறத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். முறத்தையும் சாக்கையும் இழுத்துக்கொண்டு வடக்குச் சுவர் ஓரமாகப் போய், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மறுபடியும் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

மத்தியானம் தூக்குச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ராக்கம்மாளிடம் உமாதேவி போய்க் கேட்டாள். ராக்கம்மாள் அங்கே வெகுநாளாகக் காய் பொறுக்குகிறவள், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம்.

“வெயிலு அடிக்குதுன்னு எந்திரிச்சீகளா?”

“வெயிலுக்கா பயம்? காட்டுல கெடந்த கட்டை நாங்க” என்றாள் ராக்கம்மாள். பிறகு தலையைத் திருப்பித் தெற்கே பார்க்காமலே சொன்னாள். “இங்கன முன்னாடி பழைய வீடு இருந்துச்சு ஆத்தா. முதலாளியோட மதினி பஞ்சம்மான்னு ஒருத்தவுக ஒத்தையில இருந்தாக. புருசனும் இல்ல, பிள்ளையும் இல்ல. அவுக செத்தது அடப்பு நட்சத்திரத்துல. வாசல் வழியா எடுக்கக் கூடாதுன்னு தெக்குச் செவத்த இடிச்சு, அந்த ஓட்ட வழியாத்தான் வெளிய எடுத்தாக. எடுத்த கையோட கல்லையும் மண்ணையும் வச்சு அடைச்சிட்டாக.”

“அது எதுக்கு?”

“வாசல் வழியாப் போனவுக வாசல் வழியாத் திரும்பி வருவாகல்ல? இல்லாத வழியாப் போனா எப்பிடி வருவாக?” ராக்கம்மாள் தூக்குச்சட்டியை உதறினாள். “ஹாலு கட்டும்போது கொத்தனாருக்கு அந்த எடந்தான் இடிக்க லேசா இருந்துச்சு, பழைய அடைப்புல்ல. இங்கனயே ஜன்னல் வச்சிரலாம்னாரு. முதலாளிக்கும் வெளிச்சந்தான் வேணும். இப்ப அந்த வழிய கண்ணாடி போட்டு, மோட்டர் வச்சு, நல்லாத் தொறந்து விட்டுருக்காக.”

உமாதேவி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. “வந்தா என்ன செய்வாகளாம்?”

“அடப்புல போனவுக ஒத்தையில போக மாட்டாக. தொணைக்கு ஒரு ஆளத் தேடுவாக. சொந்தக்காரகதான்னு இல்ல, கைக்கு ஆப்புட்ட ஆளு.”

“திரை மூடியிருந்தா?”

“செவரு மாதிரி அடைச்சுக் கெடந்தாச் சரிதான். அதுதான் இத்தன நாளாக் கெட்டு மூடியே கெடந்துச்சே, நாங்களும் நிம்மதியா இருந்தோம்.” ராக்கம்மாள் அவள் கையைப் பார்த்தாள், அதிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பார்த்தாள். “நீ நல்லாத்தான் வேல பாத்துட்ட தாயி.”

அன்று ஏல மையத்தில் ஏலம். சாப்பாடு முடிந்ததும் முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பெண்களுக்கும் அரை நாள் லீவு. ராக்கம்மாள்தான் கடைசியாகப் போனாள். போகிறபோது வாசலில் நின்று, “பொழுதோட கெளம்பிருங்க” என்று மட்டும் சொன்னாள்.

உமாதேவி பாண்டீஸ்வரனிடம் சொன்னாள். அவன் அதற்குத்தான் காத்திருந்தவன் போலச் சிரித்தான். “அந்தம்மா தாராளமா வந்து போகட்டும். நம்ம போட்டது நல்ல ரிலே, கம்ப்ளைண்டே வராது.”

“வெளையாடாதீக. கெளம்புவோம்.”

“நாளைக்கு சவுதிக்காரங்க வாராங்கன்னு முதலாளி ஒத்தக் கால்ல நிக்கிறாரு. தெக்குத் திரை மேல ஒரு சாணு ஏறாம நிக்குது. மோட்டர்ல லிமிட் ஸ்குரூவ ஒரு திருகு திருகிட்டா முடிஞ்சது. தெனமும் இந்நேரந்தான கரண்டு போகும், போனதும் செஞ்சிர்றேன். கரண்ட் இல்லாதப்பத்தான் பயப்படாம கை வைக்கலாம்.”

அவன் சொன்னது நியாயம்தான். ஆனாலும் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே பயம் இந்த மனிதனைப் பற்றித்தான். பெல்ட் போட மாட்டான், ஏணியின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நிற்பான், கேட்டால் சிரிப்பான். அவன் ஏணி ஏறும் ஒவ்வொரு முறையும் அவள் மனசும் கூடவே ஏறி, அவன் இறங்கிய பிறகுதான் இறங்கும். இவன் இல்லாமல் ஒரு நாளைக்கூட அவளால் நினைத்துப் பார்க்க முடியாது. அதை அவனிடம் சொன்னதில்லை.

கரண்ட் போகும்போது வெயிலுக்குத் தக்கபடி மற்ற திரைகள் எல்லாம் இறங்கியிருந்தன. ஹால் மூடிய பெட்டி மாதிரி இருட்டிக் கிடந்தது. தெற்குத் திரை மட்டும் இறங்கும் வழியில் பாதியில் நின்றது. பாண்டீஸ்வரன் அதன் அடியில் ஏணியைப் போட்டு, காற்று வரட்டும் என்று இரண்டு கண்ணாடிக் கதவையும் வெளிப்பக்கமாகத் திறந்துவிட்டு ஏறினான். அந்த ஜன்னலுக்கு வெளியே நிற்க இடம் கிடையாது. ஹால் கட்டும்போது அந்தப் பக்கத்து மேட்டை வெட்டி லாரி நிறுத்தப் பள்ளம் எடுத்துவிட்டார்கள். முன்னே அந்த மேட்டின்மேல் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் பாதை இருந்ததாம். இப்போது ஜன்னலுக்குக் கீழே இரண்டு ஆள் ஆழத்துக்கு வெறும் காற்று.

டிக்.

மறுபடியும். இந்த முறை விட்ட சத்தம். கொஞ்சம் பொறுத்து, இழுத்த சத்தம். இழுத்தது, விட்டது, இழுத்தது. அவளே பட்டறை மேஜையில் உட்கார்ந்து சோதிப்பது போல நிதானமாக, அவசரமில்லாமல், யாரோ அதைப் பழகிப் பார்த்தார்கள்.

உமாதேவி செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு பேனல் கதவைத் திறந்தாள். ரிலேக்கள் வரிசையாக மின்னின. எல்லாம் தூங்கின. கடைசி ஜோடி தெற்கு ஜன்னலுடையது. அதில் மேலே தூக்கும் ரிலேயின் ஆரஞ்சு நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போனது. மறுபடி எட்டிப் பார்த்தது.

டெஸ்டரை வைத்தாள். எரியவில்லை. பேனலின் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். டிக். வியர்த்த விரல்களால் அந்த ரிலேயைப் பிடித்து, ஆட்டி, சாக்கெட்டிலிருந்து பிடுங்கியே விட்டாள். இப்போது அது வெறும் பிளாஸ்டிக் கட்டி. எந்த வயரும் அதைத் தொடவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

மூடிய கைக்குள் அது இழுத்தது.

பொன்வண்டைப் பிடித்து வைத்தால் காலால் உந்துமே, அப்படி உள்ளங்கையில் உந்தியது. அதே நொடியில் ஹாலின் கோடியில் மோட்டார் முனகத் தொடங்கியது.

“ஏய் உமா! கை வச்சிருக்கேன்ல, என்ன செய்ற?”

“நான் ஒண்ணுமே செய்யல!”

“திரை மேல ஏறுது. கரண்ட் வந்திருச்சா?”

அவள் ஹாலின் காற்றாடியைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அது அசையாமல் தொங்கியது. “வரலைங்க. கரண்ட் வரல. எறங்கி வாங்க.”

மோட்டார் நின்றது. திரை முழுக்க ஏறிவிட்டது, அவன் ஏற்ற நினைத்த அந்த ஒரு சாணையும் சேர்த்து. எங்கும் சத்தமில்லை. ஏலக்காய் வாசனை மெல்ல மெல்ல அடங்கியது. இத்தனை நாளாகச் சுவரிலும் தரையிலும் ஊறிய வாசனையை யாரோ துணியால் துடைத்து எடுப்பது போல. அந்த இடத்தில் வேறொன்று வந்து நின்றது. நல்லெண்ணெய். சீயக்காய். ஈர மண்.

“உமா.” அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “இங்கன யாரோ எண்ணெ தேச்சுக் குளிச்ச மாதிரி வாட அடிக்குது.”

“எறங்குங்க. உங்களக் கும்புடுறேன், எறங்கிருங்க.”

“எறங்குறேன். நீ ஏணிய ஆட்டாத.”

“நான் இங்கன இருக்கேன்! பேனல் ரூமுல இருக்கேன்!”



பயம் என்றால் இதுதான் என்று அப்போதுதான் உமாதேவிக்குத் தெரிந்தது. இதற்கு முன்னால் பட்டதெல்லாம் வெறும் கவலை. சுவரைப் பிடித்துக்கொண்டு கதவுவரை வந்தாள். கதவைத் தள்ளினாள்.

நீளமான இருட்டு. கோடியில் ஜன்னல் மட்டும் வெள்ளையாக எரிந்தது. அதன் நடுவில் ஏணி. ஏணியின் மேல் அவன். முதுகு அவள் பக்கம். இரண்டு கையும் ஏணியை விட்டுவிட்டன.

“உமா,” என்றான் மெதுவாக. “என் காலப் புடிக்கிறது யாரு?”

அவன் பாதங்கள் படியை விட்டு எழுந்தன.

விழவில்லை. விழுந்திருந்தால் அவள் ஓடியிருப்பாள். அவன் காற்றில் மெல்லச் சாய்ந்தான். படுக்க வைப்பது போல. நாலு பேர் பக்குவமாகத் தாங்கி, தலை இடிக்காமல், முதுகு வளையாமல் கிடத்துவது போல. தோள் உயரத்தில் மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் நேராக நீண்டன. கட்டை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின, துணியால் கட்டியது போல. கைகள் நெஞ்சின் மேல் தாமாகவே மடிந்தன.

தலை அவள் பக்கம் இருந்தது. தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தில் கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன. வாயைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. தாடையைச் சுற்றி எதுவும் இல்லை, ஆனாலும் கட்டுப் போட்டது போலக் கன்னம் அழுந்தியிருந்தது. தொண்டைக்குள் மட்டும் ஒரு சத்தம்.

நகர்ந்தான். கால் முன்னாலே. ஜன்னலை நோக்கி.

ஓடிப் போய்த் தலையைப் பிடித்திருக்கலாம். தோளைக் கட்டிக்கொண்டு தொங்கியிருக்கலாம். ஹால் நீளமாக இருந்தது. பேனல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மூடியிருந்தால் சரி. அது மட்டும்தான் அவள் தலையில் இருந்தது. சுவர் மாதிரி அடைத்துக் கிடந்தால் சரி. வழி மூடிவிட்டால் எப்படிக் கொண்டுபோவார்கள்?

திரும்பினாள். தெற்கு ஜன்னல். கீழே இறக்கும் ரிலே. அதன் தலையிலிருந்த நெம்புகோலைக் கட்டை விரலால் அழுத்தினாள்.

டிக்.

மோட்டார் முனகியது. கரண்ட் இல்லாமலே ஓடியது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள். விரல் நகம் வெளுத்தது. எறங்கு. எறங்கு. குலதெய்வத்தின் பேர் வாயில் வந்தது, பாதியில் அறுந்தது. எறங்கு. துணி உரசும் சத்தம். இறங்க இறங்க ஹால் இருண்டது. அடிக்கட்டை ஜன்னல் விளிம்பில் போய்த் தட்டியது.

மூடிவிட்டது.

சீயக்காய் வாடை போய்விட்டது. ஏலக்காய் திரும்பி வந்தது. உமாதேவி வாய்விட்டு அழுதாள். காப்பாற்றிவிட்டோம் என்று அழுதாள்.

“ஏங்க.”

திரும்பிப் பார்த்தாள். ஏணி நின்றது. தரையில் யாரும் கிடக்கவில்லை. ஏணிக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை. சுவர் ஓரத்திலும் இல்லை. ஹாலுக்குள் எங்கேயும் அவன் இல்லை.

பிறகு திரையைப் பார்த்தாள். வெளியே மார்கழி வெயில் தெற்கிலிருந்து நேராக அடித்தது. துணி முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தது. அதன் மேல் நிழல். நீளமாக, படுத்த வாக்கில், தோள் உயரத்தில் ஒரு ஆள். கீழே தாங்குகிறவர்கள் யாரும் இல்லை, காலும் இல்லை, தோளும் இல்லை. ஆனால் நிழல் ஆடியது. சுமந்து நடக்கும் நடைக்கு ஆடும் ஆட்டம். அதை ஒட்டி, அதன் மேலேயே சாய்ந்தாற்போல, இன்னொரு நிழலும் படுத்திருந்தது. சின்ன உடம்பு. கொண்டை போட்ட தலை.

கட்டை விரலை எடுத்தாள். நெம்புகோல் மேலே வரவில்லை. நகத்தால் கிளப்பினாள். வரவில்லை. ஸ்குரூ டிரைவரை நுழைத்து நெம்பினாள். கண்ணாடி உடம்புக்குள் இரண்டு காண்டாக்டும் ஒன்றாக உருகி ஒரே மணியாகக் கிடப்பது டார்ச் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது.

ஓடினாள். இப்போது ஓடினாள். திரையைப் பிடித்து இழுத்தாள், அடிக்கட்டையைத் தூக்கினாள், பல்லால் கடித்தாள். துணி சுவர் போல நின்றது. “விடு! விட்டுரு ஆத்தா! அவரு ஒண்ணும் செய்யல! ரிலே போட்டது நான்! நான்தான்!”

வெளியே நிழலிலிருந்து ஒரு கை பிரிந்தது. நெஞ்சின் மேல் மடிந்திருந்த கை. அது துணியைத் தேடித் தொட்டது. ஐந்து விரலும் துணியில் அழுந்தின. உமாதேவி தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். சூடாக இருந்தது. மோதிர விரலின் மோதிரம் குத்தியது. அந்தப் பக்கத்திலிருந்து அவன் அவள் கையைத் தெரிந்துகொண்டான். விரல்கள் பிடிக்கப் பார்த்தன.

கை நகர ஆரம்பித்தது. அவன் நகர்த்தவில்லை. சுமக்கிறவர்கள் நடந்தார்கள். விரல்கள் துணியில் கோடு இழுத்துக்கொண்டே மேற்காகப் போயின. அவளும் கையை எடுக்காமல் கூடவே போனாள். துணி முடிந்தது. சுவர் வந்தது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தாள், காதை வைத்தாள். இரண்டு ஆள் ஆழத்துக்கு ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கத்தில், செங்கலுக்குப் பின்னால், ஐந்து விரல் நகங்களும் சுவரை உரசிக்கொண்டே போய்க்கொண்டிருந்தன.